ஓரிதழ்த்தாமரையின் ஐந்து இதழ்கள்



மழைக்குப் பின் தரிசு நிலங்களிலும் வயல் வரப்புகளிலும் புல்லோடு புல்லாகத் தழைத்து, பெரும்பாலும் ஒரு சாண் உயரத்தைச் சற்றே தாண்டி நின்றுவிடும் ஓரிதழ்த்தாமரை, பூவின் அமைப்பைக் கற்கத் தொடங்குபவருக்கு மிகவும் ஏற்ற செடியாகும். பெயரில் தாமரை இருப்பினும் அது தாமரையின் உறவன்று. தோட்டங்களில் வளர்க்கப்படும் பான்சிப் பூச்செடி அடங்கிய வயோலேசி குடும்பத்தைச் சேர்ந்தது. 1753இல் லின்னேயஸ் அதனை வயோலா பேரினத்தில் வைத்து, ஒன்பது விதை உடையது என்னும் பொருளில் எனியஸ்பெர்மா என்று பெயரிட்டார். பின்னர் அது ஹைபாந்தஸ் பேரினத்துக்கும், 2015இல் ஆப்ரோஹைபாந்தஸ் என்னும் புதிய பேரினத்துக்கும் மாற்றப்பட்டது.

இலைக்கக்கத்தில் தனித்து மலரும் பூவில், இளஞ்சிவப்பான அகன்ற ஓர் இதழே கண்ணில் படுகிறது. ஆனால் கைவில்லை கொண்டு நோக்குபவருக்கு, பூவை வெளிப்புறம் தாங்கும் ஐந்து புல்லிதழ்களும், அவற்றின் உள்ளே நிறமுள்ள ஐந்து அல்லிதழ்களும் புலப்படும். அல்லிதழ்களுள் மேலிரண்டு மிகச் சிறியவை. பக்கவாட்டில் உள்ள இரண்டு வளைந்தவை. கீழே உள்ள ஐந்தாவது மட்டுமே குறுகிய அடியிலிருந்து வட்டமாக விரிந்து, அடிப்புறத்தில் சிறிய பை போலப் புடைத்திருக்கிறது. இவ்வாறு இதழ்கள் சமமின்றி அமைந்து, ஒரே ஒரு நேர்கோட்டில் வெட்டினால் மட்டும் ஒத்த இரு பாதிகளாகப் பிரியும் அமைப்பை இருபக்கச் சமச்சீர் என்பர்.

இந்தச் சமமின்மைக்குப் பூவின் உட்புறத்தில் விளக்கம் இருக்கிறது. மகரந்தத்தாள்கள் ஐந்தும் சூலகத்தைச் சூழ்ந்து நெருங்கி நிற்க, அவற்றுள் முன்னிரண்டின் அடியில் தேன் சுரக்கும் உறுப்புகள் அமைந்துள்ளன. அகன்ற இதழில் வந்தமரும் பூச்சி, அந்தத் தேனுக்காக வாயுறுப்பை உள்ளே செலுத்தும்போது, மகரந்தத்தை ஏற்கும் சூல்முடியையும் மகரந்தப்பைகளையும் தொட்டே ஆக வேண்டியிருக்கிறது. பூச்சி அமரும் இடத்தையும் அது நுழையும் திசையையும் ஒருங்கே வரையறுப்பதற்கு ஒரே இதழ் போதுமானதாக இருப்பது, இச்செடியின் அமைப்பிலேயே மிகவும் வியக்கத்தக்க பகுதி எனலாம்.

ஓரறையுள்ள சூலகம் உருண்டையான காயாக முதிர்ந்து மூன்று பிளவுகளாக வெடிக்கிறது. விதைகளின் மேற்பரப்பில் நீளவாக்கில் வரிகள் காணப்படும். தண்டின் அடிப்பகுதியும் வேரும் கட்டைத்தன்மை பெறுவதால், மேலே உள்ள தளிர்கள் வறண்டு போனாலும் அடியிலிருந்து செடி மீண்டும் துளிர்க்க இயலும்; பல்லாண்டுச் செடி என்று அது வகைப்படுத்தப்படுவதன் பொருள் இதுவே. சித்த மருத்துவத்தில் இச்செடி சமூலமாக, அதாவது வேர் முதல் விதை வரை முழுமையாகப் பயன்படுத்தப்படுவதால், அதைச் சேகரிப்போர் வேரோடு பிடுங்குகின்றனர். காய் முற்றுமுன் அவ்வாறு பிடுங்கினால், மறுபடி துளிர்க்கும் வேரும் அடுத்த தலைமுறைக்கான விதையும் ஒருசேர அழிகின்றன என்பது கவலைக்குரியது. முற்றிய காய்களைப் பறித்து விதைத்து வளர்ப்பதே முறையானது.

கற்பவர் செடிக்கு ஊறின்றி ஒரே ஒரு பூவை மட்டும் கிள்ளி, வெள்ளைத் தாளின் மேல் வைத்து, முதலில் பெரிய இதழை ஊசிமுனையால் மெல்ல விலக்கினால், அதன் பின்னே மறைந்திருக்கும் முன்னிரண்டு மகரந்தத்தாள்களையும் அவற்றின் தேன் உறுப்புகளையும் பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையில் காணலாம்.