எமுலேட்டர் மேல் விழுந்த பழிகள்

பெங்களூரு அடுகோடியில் இன்று 40 வயதைத் தொட்டவர்களிடம் வீடியோ கேம் பேச்சை எடுத்தால் கான்ட்ரா, மரியோ, வாத்து சுடும் ஆட்டம் என்று வரிசையாக வந்து விழும். அவர்களில் பலர் ஆடியது நின்டெண்டோவின் அசல் கருவியில் அல்ல. 1990-களில் இந்தியக் கடைகளில் கிடைத்தவை சாமுராய், மீடியா வீடியோ நிறுவனத்தின் லிட்டில் மாஸ்டர், அப்புறம் ஊர் பேர் தெரியாத நகல்கள். அந்தப் பெட்டிகள் பரணுக்குப் போய்விட்டன. ஆட்டங்கள் மட்டும் செல்போனுக்குள் குடியேறிவிட்டன. பழைய கன்சோலின் சிப்புகள் செய்த வேலையை அப்படியே செய்துகாட்டும் எமுலேட்டர் என்ற மென்பொருள்தான் அதற்குக் காரணம். அதைப் பற்றி உலவும் பேச்சில் பாதி தவறு, மீதி அரைகுறை.

முதலாவது, எல்லோரும் சொல்வது: “எமுலேட்டர் வைத்திருப்பதே சட்டவிரோதம்.”

இல்லை. இந்த உத்தி பிறந்ததே பெரிய நிறுவனங்களின் தேவையால்தான். 1964-இல் சிஸ்டம்/360 கணினியை அறிவித்த ஐ.பி.எம்., வாடிக்கையாளர்களின் பழைய 1401 நிரல்கள் புதிய கணினியிலும் ஓடுவதற்கு எமுலேஷன் வசதியைத் தந்தது. பிளேஸ்டேஷன் ஆட்டங்களை மேக் கணினியில் ஓட வைத்த கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மேல் சோனி வழக்குப் போட்டது. 2000-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் நின்றது. 2024-இல் யூசு என்ற சுவிட்ச் கன்சோல் எமுலேட்டரை உருவாக்கியவர்கள் நின்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு கடையை மூடினார்களே என்று கேட்கலாம். அது சமரசம், தீர்ப்பு அல்ல. அங்கே நின்டெண்டோ முன்வைத்த முக்கியப் புகாரும், ஆட்டங்களுக்குப் போட்ட டிஜிட்டல் பூட்டை உடைத்தார்கள் என்பதுதான்.

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறையாகப் பெற்ற கணினி நிரலுக்குப் பாதுகாப்பு நகல் எடுக்க இடம் தருகிறது. ஒரு நிரல் மற்ற நிரல்களோடு இணைந்து இயங்கத் தேவையான தகவலை ஆராய்ந்து அறியவும் தடையில்லை. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு பாயும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி எமுலேட்டரைப் பற்றியது அல்ல. ஆட்டத்தின் நகல் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்குப் பலரிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது: “பழைய ஆட்டம்தானே, யாருக்கும் சொந்தமில்லை.” சொந்தம் இருக்கிறது. நிரல்கள் சட்டத்தின் கண்ணில் இலக்கியப் படைப்புகள். பொது விதிப்படி, எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் அந்தக் கணக்கில் இன்னும் குழந்தை. மெமரி கார்டில் ஆயிரக்கணக்கான ஆட்டங்களை நிரப்பி ஆன்லைனில் விற்கும் கைக்கருவிகளில் பெரும்பாலானவை அனுமதியற்ற நகல்களின் மூட்டைகளே. எண்ணிக்கையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். அந்தக் காலத்து ‘9999 இன் 1’ கேசட்டில் இருந்தது சில ஆட்டங்கள்தான். தொடங்கும் கட்டத்தையும் பெயரையும் மாற்றி மாற்றிப் பட்டியலை நீட்டியிருந்தார்கள்.

இன்னொரு புகார் சுவையானது. “செல்போனில் மரியோ ரொம்ப வேகமாக ஓடுகிறான், பாட்டும் அவசரப்படுகிறது, எமுலேட்டர் கோளாறு.” கோளாறு எமுலேட்டரில் இல்லை, நினைவில் இருக்கிறது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி நொடிக்கு ஏறத்தாழ 60 முறை படத்தைப் புதுப்பித்தது. இந்தியா பின்பற்றிய பால் (PAL) ஒளிபரப்பு முறையில் அது 50. ஆட்டத்தின் நடையும் இசையும் அந்தத் துடிப்பைப் பிடித்தே நகர்வதால், பால் டிவிக்கான நகல் கருவிகளில் ஜப்பானிய ஆட்டங்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. இந்தியப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த மரியோ பாட்டு அந்த மெதுவான பாட்டு. இன்றைய எமுலேட்டர் தருவதுதான் ஜப்பானியரின் அசல் வேகம்! மெசன் போன்ற எமுலேட்டர்களில் ‘டெண்டி’ என்று ஒரு தேர்வு உண்டு. ரஷ்யாவில் விற்ற நகல் கருவியின் பெயர் அது. அதை அழுத்தினால் வேகம் 50-க்கு இறங்கும்.

வாத்து சுடும் துப்பாக்கி புது டிவியில் சுடாததற்கும் இதே போன்ற காரணம்தான். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெளுக்கும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி பிடிக்க வேண்டும். பழைய குழாய் டிவியில் அது உடனே நடந்தது. எல்சிடி திரை படத்தைக் காட்டச் சற்றுத் தாமதிப்பதால் குறி தவறிவிடுகிறது. துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்துப் பயனில்லை.

“இத்தனை பழைய கருவிதானே, எந்தக் கணினியும் தாங்கும்” என்பதும் முழு உண்மை இல்லை. சூப்பர் நின்டெண்டோவின் சிப் 3.58 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனாலும் பிஎஸ்நெஸ் எமுலேட்டரை எழுதியவர், ஒவ்வொரு சிப்பின் தாளத்தையும் பிசகாமல் பின்பற்ற 3 கிகாஹெர்ட்ஸ் கணினி வேண்டும் என்று 2011-இல் விளக்கி எழுதினார். தோராயமாக ஓட வைப்பதற்குச் சாதாரண போனே போதும்.

நிறுவனங்கள் எமுலேஷனை வெறுக்கின்றன என்ற நம்பிக்கையும் ஆட்டம் காண்கிறது. சோனி 2018-இல் விற்ற பிளேஸ்டேஷன் கிளாசிக் பெட்டிக்குள் இருந்தது பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு என்ற, தன்னார்வலர்கள் எழுதிய திறமூல எமுலேட்டர். நீதிமன்றத்தில் எதிர்த்த உத்தியையே அட்டைப்பெட்டியில் போட்டு விற்றதில் தவறில்லை, வேடிக்கை உண்டு.

ஆனால் எல்லா ஆட்டத்துக்கும் அந்த யோகம் வாய்ப்பதில்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்குக் காட்டியது. நம் கதை அதைவிட மோசம். ஹைதராபாத் ஆரோனா நிறுவனம் உருவாக்கி 2009-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’, கபடியும் கிட்டிப்புள்ளும் கொண்ட ‘தேசி அட்டா’, மும்பை டிரைன் நிறுவனத்தின் ‘ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ்’ ஆகியவை இந்தியர் கையால் கன்சோலுக்குப் பிறந்த முதல் தலைமுறை ஆட்டங்கள். பிளேஸ்டேஷன் 2-இன் உற்பத்தி 2013-லேயே உலகெங்கும் நின்றுவிட்டது. பழைய கருவி கிடைக்காதவருக்கு இருக்கும் வழி எமுலேட்டர் ஒன்றுதான்.

உங்கள் வீட்டு அலமாரியில் அந்த டிஸ்க்குகளில் ஏதாவது கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்கைக் கணினியின் சாதாரண டிவிடி டிரைவே படிக்கும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு டிரைவ் வாங்கி, டிஸ்க்கில் கீறல் விழுமுன் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.