இரத்தத்தில் மருந்து, தோலில் மருந்து

தொழுநோய்க் கிருமி குடிகொள்வது தோலிலும் நரம்பிலும். நோயாளி விழுங்கும் மருந்தோ இரத்தத்தின் வழியேதான் அங்குச் சென்றடைய வேண்டும். சென்றடைந்ததா என்பதை அளந்தறிய உதவுவது குரோமட்டோகிராஃபி எனப்படும் வண்ணப்பிரிகை முறையாகும்.

இரத்த மாதிரியில் புரதத்தை வீழ்படிவாக்கி நீக்கியபின், தெளிந்த நீர்மம் நுண்துகள்கள் அடைத்த எஃகுக் குழாயில் உயர் அழுத்தத்தில் செலுத்தப்படுகிறது. ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் வெளிவந்து, வரைபடத்தில் ஒரு முகடாகப் பதிவாகிறது. முகட்டின் பரப்பைச் செறிவு தெரிந்த கரைசலின் முகட்டுடன் ஒப்பிட்டால் மருந்தின் அளவு புலனாகும்.

தோல் இவ்வளவு எளிதில் இணங்குவதில்லை. கிடைப்பதோ சில மில்லிகிராம் துணுக்கு. அதை எடையிட்டு, நறுக்கி, அரைத்து, கரைப்பானால் மருந்தைப் பிரித்தெடுக்க வேண்டும். இடையில் நேரும் இழப்பைக் கணக்கிட, அளவு தெரிந்த வேறொரு பொருள் தொடக்கத்திலேயே சேர்க்கப்படுகிறது. துணுக்கில் ஒட்டிய இரத்தமும் கணக்கைக் கெடுக்கக்கூடும்.

இச்சிரமம் வீணன்று. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையில் இடம்பெற்ற குளோஃபாசிமின், இரத்தத்தில் குறைவாகவும் கொழுப்பிலும் தோலிலும் மிகுதியாகவும் தங்குவது. தோல் கருஞ்சிவப்பாவதும் அதனாலேயே. இரத்த அளவை மட்டும் நம்பினால் இம்மருந்தைப் பற்றித் தவறான முடிவே கிட்டும். டாப்சோன் ஒன்றையே பல்லாண்டுகள் வழங்கியதால் அதற்கு அடங்காத கிருமிகள் தோன்றிய அனுபவமும் உண்டு.

எனினும் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் இக்கருவி தேவையில்லை. நோயாளி வீட்டில் டாப்சோன் உட்கொள்கிறாரா என்றறிய எளிய சிறுநீர்ச் சோதனையே போதும். மருந்தின் அளவை வரையறுக்கும் ஆய்வுகளுக்கே இச்செலவு தகும்.