கையெழுத்துக்குப் பிறகுதான் வேலை

அரச உத்தியோகத்தருக்கான ஒப்பந்த முகாமைத்துவப் பயிற்சி என்றால் பெரும்பகுதி விலைமனுப் பெட்டி, உறை, மதிப்பீட்டுக் குழு என்றே ஓடிவிடும். 2006இன் பெறுகை வழிகாட்டலை நீக்கி 2025 ஜனவரி 1 முதல் புதியது நடைமுறைக்கு வந்ததில் அந்தப் பகுதி இன்னும் நீண்டுவிட்டது. கையெழுத்து வைத்த பிறகு என்ன செய்வது என்பது கடைசி நாள் பின்னேரம், எல்லோரும் பஸ்ஸுக்கு நேரம் பார்க்கும்போது வரும். பொகவந்தலாவைப் பக்கம் தோட்டப் பாதை வேலைகளைப் பார்த்துவரும் எனக்குக் கைகொடுத்தது அந்தப் பின்னேரப் பாடம்தான். மிச்சத்தை மழையும் மேசன் பாஸ்மாரும் கற்றுத் தந்தார்கள்.

இங்கே முதல் சிக்கல் நிலம். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்ட பிறகே தோட்டங்களுக்குள் சபைக் காசைச் செலவழிக்க வழி திறந்தது. காசு நம்முடையது என்பதற்காகப் பாதை நம்முடையதாகிவிடாது. காணி அரசுடையது, கம்பனியின் நீண்டகாலக் குத்தகையில் இருப்பது. துரை மாற்றலாகிப் போனால் அவர் வாயால் தந்த சம்மதமும் கூடவே போய்விடும். ஆகவே ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்: பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, கல்லையும் மணலையும் எங்கே கொட்டலாம், கொழுந்து லொறி போகும் நேரத்தில் பாதையை மறிக்கலாமா. தளத்தை ஒப்படைக்கும் நாளில் கொந்தராத்துக்காரர், தோட்ட நிர்வாகம், நாம் என்று மூன்று தரப்பும் ஒரே கடதாசியில் ஒப்பமிட வேண்டும். தளத்தையே கொடுக்காமல் தாமத நட்டஈடு கேட்டால் அது நிற்காது.

அடுத்தது மழை. தென்மேல் பருவம் தொடங்கிவிட்டால் 'தொடர் மழை' என்று ஒற்றை வரியில் கால நீடிப்புக் கடிதம் வரும். ஏற்பதற்கும் மறுப்பதற்கும் ஆதாரம் வேண்டுமே! தோட்ட ஒபிஸில் மழைமானி வைத்து நாள்தோறும் அளந்து எழுதுகிறார்கள். தேயிலைக்காக எழுதுவதுதான், நமக்கும் உதவும். அதன் பிரதியை நம் தளக் குறிப்பேட்டோடு வைத்துப் பாருங்கள். பின்னேரம் கொட்டிய மழை, காலையில் நடந்த வேலையை இல்லை என்று ஆக்காது. நீடிப்புக் கொடுக்குமுன் பிணைமுறி எந்தத் திகதியில் முடிகிறது என்றும் பாருங்கள். வேலை நீண்டு பிணை முடிந்துபோன கோப்புகளைக் கணக்காய்வுக்காரர் தேடாமலே கண்டுபிடிப்பார்கள்.

கொங்கிறீற் பாதையில் ஒரு வித்தை உண்டு. இரு ஓரத்திலும் பலகை அடித்து, பலகையடியில் 6 அங்குலம் ஆழமாக வெட்டியிருப்பார்கள். எட்டிப் பார்த்தால் எல்லாம் சரி. நடுவில் மண் ஆமை முதுகு போல எழும்பியிருக்கும். ஒரு பலகையிலிருந்து மறு பலகைக்கு நூலை இழுத்துப் பிடித்து, நூலிலிருந்து மண் வரைக்கும் டேப்பை விட்டால் நடுவில் 4 அங்குலம்தான் காட்டும். "கொஞ்சம் செதுக்கிடுறோம் சார்" என்பார் பாஸ், சிரித்துக்கொண்டே. கலவை கொட்டுமுன் அளந்து, படம் எடுத்து, அங்கேயே இருவரும் ஒப்பமிடுங்கள். கொட்டிய பிறகு பேச்சு வளருமே தவிர அளவு கிடைக்காது. தளத்தில் வாயால் சொன்ன மாற்றத்தையும் அன்றே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பில் வரும்போது 'சார்தான் சொன்னார்' என்ற பேச்சு எழாது.

நம் பக்கமும் கடமை இருக்கிறது. இங்கே வேலை எடுப்பவர்களில் பலர் சிறிய ஆட்கள், அடகு வைத்துச் சீமெந்து இறக்குகிறவர்கள். பில்லை மேசையில் கிழமைக்கணக்கில் வைத்துவிட்டு 'வேலை மந்தம்' என்று கடிதம் அனுப்புவது நியாயமில்லை. ஒப்பந்தத்தில் கொடுப்பனவுக்கும் ஒரு கெடு இருக்கிறது. பயிற்சியில் அதை ஏனோ அழுத்திச் சொல்வதில்லை.

நிறுத்திவைத்த தொகையை விடுவிக்குமுன் வெயில் நாளில் போய்ப் பார்ப்பது வீண். மழை பெய்யும்போது போங்கள். லயத்துக் கடைசி வீட்டு அம்மாவிடம் கேட்டால், கான் எங்கே நிரம்பித் தண்ணீர் வாசலுக்கு வருகிறது என்று கை நீட்டிக் காட்டுவார். அதைக் குறைபாட்டுப் பட்டியலில் எழுதி, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியுமுன் கொந்தராத்துக்காரர் கையில் கொடுத்து, பெற்றதற்கு ஒப்பம் வாங்குங்கள். கெடு தாண்டிக் கொடுத்தால் திருத்த வரமாட்டேன் என்று அவர் சொல்ல இடம் கிடைத்துவிடும்.