தலை தடித்த விலங்கு

ஆட்டுக்கடாக்கள் இரண்டு பொருவதை நம்மிற் பலர் கண்டிருப்போம். பின்வாங்கி ஓடிவந்து அவை மோதும் ஓசை தெருக்கோடி வரை கேட்கும். அங்ஙனம் பின்வாங்கும் கடாவை வள்ளுவரும் உவமையாக எடுத்தாண்டார். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு விலங்கும் இவ்வாறு பொருததா என்பது அறிஞரிடையே தீராத வழக்காக உள்ளது.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் அதன் எலும்பைத் தேடிப் பயனில்லை. சிதம்பரத்தைச் சூழ்ந்திருப்பது ஆற்று வண்டல். கடலூர் மணற்கல்லோ டைனோசர்கள் அழிந்து பல கோடி ஆண்டுகள் சென்றபின் படிந்தது. மேற்கேயுள்ள அரியலூர்ப் பாறைகளே அக்காலத்தவை. ஆங்குக் கிடைத்த எலும்புகளுக்கு 1979இல் ‘திராவிடோசாரஸ்’ எனப் பெயரிட்டு, முதுகில் தகடுகள் கொண்ட தாவர உண்ணி என்றனர். 1996இல் வேறு அறிஞர் அவை கடல்வாழ் ஊர்வனவற்றின் எலும்புகள் என மறுத்தனர். எலும்பைக் கண்டெடுத்தல் எளிது. அதனைப் பேசவைத்தலே அரிது.

தலை தடித்த இனத்தின் எலும்புகள் வட அமெரிக்காவிலும் ஆசியாவில் மங்கோலியா முதலிய இடங்களிலும் கிடைத்துள்ளன. அவற்றுட் பெரியது பாக்கிசெபலோசாரஸ். இரு கால்களால் நடந்த இதன் நீளம் ஏறத்தாழ 4.5 மீட்டர். உச்சந்தலை எலும்போ 25 சென்டிமீட்டர் வரை தடித்துக் கவிகைபோல் எழுந்து நின்றது. நம் மண்டையெலும்பின் தடிமன் 1 சென்டிமீட்டரும் இராது. கவிகையைக் கண்டு பேரறிவு படைத்தது என்று மயங்கவேண்டா. உள்ளிருந்த மூளை சிறிதே!

கடாக்களைப்போல் மோதிக்கொள்ளவே இத்தலை அமைந்தது என்பது பழைய கருத்து. 2004இல் குட்வின், ஹார்னர் என்னும் இருவர் அவ்வெலும்பை மெல்லிய சீவல்களாக அறுத்து உருப்பெருக்கியில் நோக்கினர். அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்று கருதப்பட்ட கதிர் போன்ற அமைப்பு, வளரும் பருவத்தில் தோன்றி முதிர்ந்தபின் மறைவதைக் கண்டனர். பொரும் பருவத்தில் இல்லாத காப்பினால் என்ன பயன்? தன் இனத்தை அறிந்துகொள்ளவே கவிகை உதவிற்று என்றனர். உருண்டைத் தலைகள் மோதினால் வழுக்கும், ஆதலின் எதிரியின் விலாவிலேயே முட்டியிருக்கும் என்பாரும் உளர்.

2013இல் பீட்டர்சன் குழுவினர் 109 மண்டைகளை ஆராய்ந்தனர். ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் புண்பட்ட வடு இருந்தது. தட்டைத் தலைகளில் வடு இல்லை. இது மோதலுக்குச் சான்று என்பது அவர் துணிபு.

2025இல் மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்து எலும்புக்கூடு ஒன்றைப் பற்றி அறிவித்தனர். அதன் காலம் ஏறத்தாழ 10 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டது; இவ்வினத்துள் மிகப் பழையது அதுவே. உடல் வளர்ச்சி முற்றாத இளம் விலங்கு அது. எனினும் அதன் தலையில் கவிகை முழுமையாய் எழுந்திருந்தது.