செயலி எண்ணும், தசையைப் பார்க்காது

கொச்சியின் தேவராவிலிருந்து பாலம் கடந்து போனால் ஃபோர்ட் கொச்சியில் தமிழ் வண்ணார்கள் துணி வெளுக்கும் தோபிகானா. 1976இல் கட்டியது. நனைந்த விரிப்புகளை அங்கே தூக்கிப்போடுவதைப் பார்க்கும்போதெல்லாம், கனம் தூக்கும் பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத தொல்லை ஒன்று நினைவுக்கு வரும். தும்மினால், இருமினால், தூக்கினால் ஒண்ணுக்குக் கசிவது.

“பிள்ளை பெத்தா அப்படித்தான்” என்று வீட்டிலேயே பேச்சை முடித்துவிடுகிறார்கள். பலருக்கும் இருப்பது உண்மை. ஆனால் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்கும் தசைகளைப் பயிற்சியால் வலுவாக்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இலேயே எழுதினார்.

“அந்தப் பயிற்சிக்கான செயலியைப் போனில் இறக்கினால் போதும்” என்பது இப்போதைய நம்பிக்கை. அதில் பாதி மெய். ஸ்வீடனில் கசிவுள்ள 123 பெண்களை வைத்து ‘டேட்’ என்ற செயலியைச் சோதித்தார்கள். முடிவு 2017இல் வந்தது. மூன்று மாதம் அதைப் பயன்படுத்தியவர்களுக்குக் கசிவு நன்றாகக் குறைந்திருந்தது. ஆகவே செயலியை ஒதுக்க மாட்டேன். மறந்துபோகிற பயிற்சிக்கு நேரம் தவறாத நினைவூட்டல் பெரிய துணை.

மறுபாதிதான் என் கவலை. 1991இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வாய்மொழியாக மட்டும் சொல்லிக்கொடுத்தபோது 47 பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். கால்வாசிப் பேர் செய்த விதம் கசிவைக் கூட்டக்கூடியது; மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்கினால் அப்படித்தான் ஆகும். போனில் ஓடும் சாதாரணச் செயலிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் பத்து என்றே எண்ணும்.

சரியான விதம் இது: வாயுவை அடக்குவதுபோல் உள்ளே, மேலே இழுக்க வேண்டும். பிட்டமும் தொடையும் இறுகக்கூடாது, மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒண்ணுக்குப் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகச் சொல்வது தவறான யோசனை. பை முழுசாகக் காலியாகாமல் போகும். சிலருக்கு அந்தத் தசை ஏற்கெனவே இறுகி வலிக்கும். அவர்களுக்கு வேண்டியது தளர்த்தும் பயிற்சி. யாருக்கு எது வேண்டும் என்று சொல்ல மகப்பேறு மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். கொச்சியில் இருப்பவர்கள் மலையாளம் வராதென்று தயங்க வேண்டாம். “மூத்திரம் போகுன்னு” என்றாலே புரிந்துகொள்வார்கள்.

இன்னொன்று, எந்த அலாரமும் அந்த நொடியில் வந்து சொல்லாதது: தும்மல் வருகிறதென்று தெரிந்ததும், ஈரத்துணி மூட்டையைத் தூக்கக் குனிந்ததும், முதலில் அந்தத் தசையைச் சுருக்குங்கள். பிறகு தும்முங்கள், தூக்குங்கள்.