தொங்கு செடி வளர்ப்பு: புதியோர்க்கு ஒரு பாடம்

முன்னாளில் உறி, பாலையும் தயிரையும் பூனைக்கு எட்டாமல் காத்தது. இன்று அதே உறியில் பசுஞ்செடி தொங்குவதைப் பல இல்லங்களில் காண்கிறோம். தரை முழுவதையும் தறியே கொள்ளும் நெசவாளர் வீட்டிற்கு இஃது ஏற்ற வழியாகும். ஆயினும், வாங்கிய செடி இரண்டு திங்களில் அழுகிவிட, மனந்தளர்ந்து தொட்டியைக் கொல்லையில் கவிழ்ப்போர் பலர். இதற்குக் கைராசி காரணம் அன்று. தேர்வும் நீர் வார்க்கும் முறையுமே காரணம்.

இடம்

செடிக்கு முன் இடத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். சன்னலைவிட்டு விலக விலக வெளிச்சம் விரைந்து குறைகிறது. நம் கண் அதற்குப் பழகிவிடுவதால் குறைவு புலப்படுவதில்லை. பகலில் விளக்கின்றி அறுந்த இழையைப் பிணைக்க இயலுமாயின், அவ்விடம் செடிக்கும் போதும் எனக் கொள்க. நண்பகல் வெயில் நேரே படலாகாது. தறிக்கு மேலே தொங்கவிடுதல் அறவே கூடாது. சொட்டும் நீர் பாவைக் கறைப்படுத்தும். 1 லிட்டர் நீரின் எடை 1 கிலோவாதலின், உத்தரத்தில் உறுதியான கொக்கி வேண்டும். மண்ணுடன் மக்கிய தென்னை நார்க்கழிவைக் கலந்தால் பாரம் குறையும்.

செடி

முதலாவது, மணிபிளாண்ட். குறைந்த வெளிச்சத்தையும் பொறுக்கும். கணுவோடு கூடிய துண்டை நீரில் இட்டால் சில வாரங்களில் வேர்விடும். ஆனால் இதன் இலையில் கால்சியம் ஆக்சலேட்டு ஊசிப்படிகங்கள் உள்ளன. மென்றால் வாயும் நாவும் எரிந்து வீங்கும். குழந்தையும் ஆட்டுக்குட்டியும் உள்ள வீட்டில் கொடி எட்டாதபடி கத்தரித்துவர வேண்டும்.

இரண்டாவது, சிலந்திச் செடி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, நஞ்சற்றது. தடித்த வேர்களில் நீரைச் சேமிப்பதால் சில நாள் மறதியைப் பொறுக்கும். குழந்தைகள் உள்ள இல்லத்திற்கு இதனையே முதலில் பரிந்துரைக்கிறோம். நீரில் உப்போ புளூரைடோ மிகுந்தால் இலைநுனி கருகும். தருமபுரி மாவட்டத்தில் அத்தகைய நிலத்தடி நீருள்ள ஊர்கள் பல. அங்கு மழைநீரைச் சேமித்து வார்க்கலாம்.

மூன்றாவது, ஊதாவும் வெள்ளியும் வரியோடிய டிரடெஸ்காண்டியா. மெக்சிகோ நாட்டது. வெளிச்சம் குறைந்தால் நிறம் மங்கி நெட்டையாகும். நுனியைக் கிள்ளி அதே தொட்டியில் ஊன்றினால் அடர்ந்து வளரும்.

நீர்

வேருக்கும் காற்று வேண்டும். மண்ணில் நீர் தேங்கினால் காற்றுப் புகாது, வேர் அழுகும், அழுகிய வேர் நீரை உறிஞ்சாமையால் இலை வாடும். வாட்டத்தைத் தாகமென்று எண்ணி மேலும் நீர் வார்ப்பதே செடிக்கு முடிவாகிறது. ஆகையால், இலையை மட்டும் நோக்காது, விரலை மண்ணில் இரண்டு கணு ஆழம் செலுத்திப் பார்க்க வேண்டும். ஈரம் இருப்பின் வார்க்க வேண்டா. உலர்ந்திருப்பின் தொட்டியை இறக்கி, அடித்துளை வழியே நீர் வெளிவரும்வரை வார்த்து, வடிந்தபின் மாட்டுக.

தொட்டிச் செடி அறைக்காற்றைத் தூய்மையாக்கும் எனப் பலர் கூறுவர். 1989-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, மூடிய சிறு பெட்டிகளில் செய்யப்பட்டது. காற்றோட்டமுள்ள வீட்டில் சில தொட்டிகளால் அப்பயன் பெரிதும் விளையாது. பஞ்சுத் தூசி நீங்கச் சன்னலைத் திறத்தலே வழி. கண்ணுக்குக் குளிர்ச்சியே செடி தரும் பயன், அது சிறிதன்று.

இம்மூன்றையும் எல்லோரும் விலைக்கு வாங்க வேண்டுவதில்லை. ஓர் அங்கத்தினர் வீட்டில் ஒன்று தழைத்தால், அதன் துண்டுகள் பத்து வீட்டிற்குப் போதும். முதலாண்டில் ஒரே செடியைக் காத்துப் பழகி, பின்னர்ப் பகிர்ந்துகொள்ளுமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.