கர்ணனின் கவசத்தில் விளக்கு வைப்போமா?

ஆண்டு விழா நாடகம் ஒன்றில் கர்ணனின் அட்டைக் கவசத்திற்குள் மஞ்சள் விளக்குகளைப் பதித்தோம். சூரியன் கொடுத்த கவசம் அல்லவா! ஒத்திகையில் ஜொலித்தது. மேடையில் கர்ணன் வில்லைத் தூக்கினான். இடது தோள் விளக்குகள் அணைந்தன. கையை இறக்கினான், எரிந்தன. மறுபடியும் தூக்கினான்... கடைசி வரிசை வரை ஒரே சிரிப்பு! குற்றம் கர்ணன் மேல் இல்லை, கம்பியை இணைத்த என் மேல்தான். மாணவ நண்பர்களே, உங்கள் கர்ணனுக்கு அந்தக் கதி வரக் கூடாது.

முதலில் உடல் அளவுக்குச் செய்தித்தாளில் மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள். பிறகு சாமான் கட்டி வரும் நெளி அட்டையில் மார்புக்கும் முதுகுக்கும் தனித்தனித் துண்டுகள். அட்டையை இரண்டு மடிப்பாக ஒட்டும்போது ஒன்றின் நெளிவு மற்றதற்குக் குறுக்காக இருக்கட்டும், எளிதில் வளையாது. தோளில் துணிப்பட்டை, விலாவில் வெல்க்ரோ பட்டை. முடிச்சுப் போட வேண்டாம். ஏதாவது சூடேறினால் ஒரே இழுப்பில் கழற்ற முடிய வேண்டும்.

இனி விளக்கு. டார்ச் பல்பின் டங்ஸ்டன் இழை சூடேற ஏற அதன் மின்தடையும் கூடும். தன்னைத் தானே ஓரளவு காத்துக்கொள்ளும். எல்.இ.டி. அப்படி அல்ல. அது ஒரு குறைகடத்திப் படிகம். தனக்குரிய மின்னழுத்தத்திற்கு மேல் சிறிது கூடினாலே மின்னோட்டம் மளமளவென ஏறி அது கெட்டுப்போகும். ஆகவே அதோடு தொடராக ஒரு ரெசிஸ்டர் கட்டாயம் வேண்டும். எவ்வளவு ஓம்? உங்கள் பாடப் புத்தகத்து ஓம் விதியே சொல்லும்.

நான்கு பென்டார்ச் செல்களைத் தொடராக வைத்தால் 6 வோல்ட். மஞ்சள் எல்.இ.டி. ஒன்றுக்குச் சுமார் 2 வோல்ட். இரண்டைத் தொடராக இணைத்தால் 4. மீதி 2 வோல்ட்டை ரெசிஸ்டர் ஏற்க வேண்டும். நமக்கு வேண்டிய மின்னோட்டம் 15 மில்லி ஆம்பியர், அதாவது 0.015 ஆம்பியர். 2-ஐ 0.015-ஆல் வகுத்தால் 133 ஓம். கடையில் 150 ஓம் கிடைக்கும். பழுப்பு, பச்சை, பழுப்பு வளையம் பார்த்து வாங்குங்கள். இதில் 13 மில்லி ஆம்பியர் ஓடும், போதுமானது.

இப்படி ஆறு ஜோடிகளைப் பக்க இணைப்பில் சேருங்கள். ஜோடிக்கு ஒரு ரெசிஸ்டர். எல்லாவற்றிற்கும் பொதுவாக ஒன்றே போதும் என்று சிக்கனம் பார்த்தால், எல்.இ.டி.க்கு எல்.இ.டி. உள்ள சிறு வேறுபாட்டால் சில அதிகமாகவும் சில மங்கலாகவும் எரியும். எல்.இ.டி.யின் நீளக் கால் நேர்முனைக்கு, மாற்றினால் எரியாது.

நாடகத்தன்று புதிய செல்களையே போடுங்கள். 6 வோல்ட் 5 ஆகக் குறைந்தால் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 1 வோல்ட்தான், மின்னோட்டம் பாதியாகிவிடும்! லித்தியம் செல்லை உடலோடு கட்டவே வேண்டாம். முனைகள் தவறி ஒட்டினால் தீப்பிடிக்கக் கூடும். வீட்டு மின்சாரத்தை நினைக்கவும் கூடாது.

இப்போது அந்தத் தோள். நான் ஒற்றைக் கம்பியை இறுக்கமாக இழுத்து, இணைப்பைச் சரியாக மடியும் இடத்தில் வைத்திருந்தேன். வளைந்து வளைந்து கம்பி உறைக்குள்ளேயே முறிந்துவிட்டது. முறிந்த முனைகள் கை இறங்கும்போது தொட்டன, ஏறும்போது பிரிந்தன. நீங்கள் பல இழைக் கம்பி வாங்குங்கள். தோளைக் கடக்கும் இடத்தில் ஒரு விரல் நுழையும் அளவு தொய்வு விடுங்கள். சால்டர் வைத்த இணைப்புகள் எல்லாம் மார்பு அட்டையிலேயே இருக்கட்டும். அதற்கு மேல் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். வியர்வை உப்பு நீர் அல்லவா, செம்பை அரிக்கும். சால்டர் வைக்கும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். செல் பெட்டியும் ஸ்விட்சும் இடுப்பில், கை எட்டும் இடத்தில்.

வியர்வை ஆவியாகித்தான் உடல் குளிர்கிறது. அட்டை அதைத் தடுக்கும். முதுகுத் துண்டில் நாலைந்து பெரிய துளைகள் வெட்டுங்கள், யாருக்கும் தெரியாது. காட்சி முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

ஒத்திகைக்கு முன் அறையை இருட்டாக்கி, கர்ணனை ஐம்பது முறை வில்லைத் தூக்கி இறக்கச் சொல்லுங்கள்.

ஒரு கணக்கு: குண்டலத்திற்கு நீல எல்.இ.டி. வைக்க ஆசையா? அதற்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும். இரண்டைத் தொடராக வைத்தால் ரெசிஸ்டருக்கு என்ன மிஞ்சும்? ஒவ்வொன்றாக வைத்தால் எத்தனை ஓம்? (விடை: ஒன்றும் மிஞ்சாது, 200 ஓம். கடையில் 220 கேளுங்கள்.)